உயில் எழுதியபின் பிறந்த பிள்ளை: சட்டமும் ஆயர் கடமையும்

எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை விளக்கும்போது, மரணசாசனம் எழுதினவன் இறந்தபின்பே அது வலிமை பெறும் என்னும் கருத்தை நாம் பிரசங்கபீடத்தில் எடுத்துரைக்கிறோம். ஆனால் அச்சாசனம் எழுதப்பட்ட நாளுக்கும் அது வலிமை பெறும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கடக்கலாம். அவ்விடைக்காலத்தில் எழுதினவன் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவும் கூடும். அக்குழந்தைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டா? இவ்வினா வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி நாம் ஒதுங்கியிருக்கிறோம். அது ஆயருக்கும் உரிய வினா என்பதையும், நம் நாட்டில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையே இவ்வகையில் மிகக் குறைந்த பாதுகாப்பு உடையது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓர் எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரை அடுத்துள்ள பிள்ளைப்பாக்கத்தை நினைத்துக்கொள்வோம். ஏரி நீரை நம்பிப் பயிர் செய்துவந்த அவ்வூர்ப் பகுதியில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. திருப்பெரும்புதூர் முதல் ஓரகடம் வரை எழுந்துள்ள ஆலைகளில் வேலை செய்வதற்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறியுள்ளன. ஒரு காலத்தில் நெல்லின் விளைச்சலைக் கொண்டு மதிப்பிடப்பட்ட நிலம், இப்பொழுது மனையின் அளவைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. இத்தகைய ஊரில் உயில் என்பது செல்வந்தருக்கு மட்டும் உரிய பத்திரம் அன்று. ஒரு வீடும் ஒரு மனையும் உடைய தொழிலாளியும் அதை எழுதவேண்டியவராகிறார்.

அங்கு ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும் உள்ளனர். அறுவைச் சிகிச்சை ஒன்றுக்கு முன்பு அவர் முன்யோசனையோடு ஓர் உயில் எழுதுகிறார். வீட்டை மகனுக்கும் மனையை மகளுக்கும், இருவர் பெயரையும் குறிப்பிட்டு எழுதிவைக்கிறார். கர்த்தருடைய கிருபையால் சுகம் பெறுகிறார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. சபை கூடி மகிழ, ஆயர் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். உயிலோ பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஒருவரும் நினைப்பதில்லை. பின்னர் அத்தகப்பன் திடீரென்று மரிக்கிறார். பெட்டியைத் திறந்து பார்க்கும்போது மூன்றாம் பிள்ளையின் பெயர் அதில் இல்லை.

2. சட்டம் கூறுவது

இந்தியக் கிறிஸ்தவர்களின் சொத்துரிமையை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஆளுகை செய்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகளிடையே இச்சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை. தகப்பன் மரிக்கும்போது கருவிலிருந்து, பின் உயிருடன் பிறந்த பிள்ளைக்கும் அதே பங்கு உண்டு என்று 27ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இச்சட்டமே பொருந்தும் என்று 1986இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது நாம் அறிந்ததே.

உயில் எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறாகும். தன் சொத்து முழுவதையும் தான் விரும்பியவருக்கு எழுதிவைக்கக் கிறிஸ்தவருக்குத் தடையில்லை. உயில் எவ்வாறு இரத்தாகும் என்பதை 69, 70ஆம் பிரிவுகள் வரையறுக்கின்றன. எழுதினவர் அதன்பின் திருமணம் செய்தால் உயில் இரத்தாகும். மற்றோர் உயிலாலோ, இணைப்பு உயிலாலோ, முறைப்படி எழுதிய இரத்துப் பத்திரத்தாலோ இரத்தாகும். இரத்து செய்யும் நோக்கத்தோடு அவரே அதைக் கிழித்தாலும் எரித்தாலும் இரத்தாகும். இவையன்றி வேறு வழியில் இரத்தாகாது. பிள்ளையின் பிறப்பு இப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே, திருமணம் உயிலை முறிக்கிறது. அத்திருமணத்தின் கனியாகிய பிள்ளையின் பிறப்பு அதை முறிப்பதில்லை.

எனினும் உயிலின் சொற்களைப் பொறுத்துப் பெரும் வேறுபாடு உண்டாகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். தகப்பன் பெயர்களைக் குறிக்காமல் "என் பிள்ளைகளுக்குச் சமமாக" என்று எழுதியிருந்தால், அது ஒரு வகுப்பாருக்கு அளித்த கொடையாகும். அவர் மரிக்கும் நாளில் உயிருடனுள்ள பிள்ளைகள் அனைவரும் அதைப் பெறுவர் என்பது 111ஆம் பிரிவின் விதி. உயில் எழுதியபின் பிறந்தவர்களும் இதில் அடங்குவர். உறவைக் குறிக்கும் சொற்கள், கருவிலிருந்து பின் உயிருடன் பிறக்கும் பிள்ளையையும் குறிக்கும் என்று 99ஆம் பிரிவு கூறுகிறது. நம் எடுத்துக்காட்டிலுள்ள தகப்பனோ பெயர்களைக் குறிப்பிட்டு எழுதினார். ஆகவே வீடும் மனையும் முதல் இரு பிள்ளைகளுக்கே சேரும்.

உயிலில் சொல்லப்படாத சொத்து ஏதேனும் இருந்தால், அதைப் பொறுத்தமட்டில் அவர் உயில் எழுதாமல் இறந்தவராகவே கருதப்படுவார். அவர் வங்கியில் வைத்திருந்த பணத்தைப் பற்றி உயிலில் ஒன்றும் இல்லையென்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், ஒன்பதில் இரண்டு பங்கு வீதம் மூன்று பிள்ளைகளுக்கும் சேரும். ஆனால் "எஞ்சிய யாவும் மேற்கண்ட இருவருக்கே" என்று ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டிருந்தால் இதுவும் இல்லாமற்போகும்.

இன்னுமொரு நிலையையும் எண்ணிப் பார்ப்போம். மனைகளின் விலை உயர்ந்துவரும் அப்பகுதியில், தகப்பன் தம் வாழ்நாளிலேயே அம்மனையை விற்றுப் பணமாக்கினார் என்று கொள்வோம். குறிப்பிட்டு எழுதிவைத்த பொருள் எழுதினவரிடம் இல்லாமற்போனால் அக்கொடை அற்றுப்போகும் என்பது 152ஆம் பிரிவு. அப்போது மூத்த மகள் மனையை இழக்கிறாள். விற்ற பணம் உயிலுக்குள் அடங்காமையால் மூன்றாம் பிள்ளைக்கு அதில் பங்கு கிடைக்கிறது. மகனுக்கு வீடும் முழுமையாகக் கிடைக்கிறது. பணத்திலும் பங்கு கிடைக்கிறது. இவ்விளைவுகளுள் எதையும் தகப்பன் விரும்பியிருக்கமாட்டார். ஒரு சொல்லும் ஒரு விற்பனையும் பிள்ளைகளின் வாழ்வைத் தீர்மானித்துவிடுகின்றன.

3. இவ்விதி எங்கிருந்து வந்தது?

பழைய ரோமச் சட்டம் இக்காரியத்தில் வேறு விதமாக இருந்தது. தகப்பனின் அதிகாரத்துக்கு உட்பட்ட பிள்ளையை அவன் சாசனத்தில் வாரிசாக நியமிக்கவேண்டும். அல்லது வெளிப்படையாக விலக்கவேண்டும். இரண்டும் செய்யப்படாத ஒரு பிள்ளை பின்னர் பிறந்தால் சாசனம் முறிந்துபோகும். பிள்ளையை விலக்கும் உரிமை தகப்பனுக்கு இருந்தது; மறந்துவிடும் உரிமை இருக்கவில்லை எனலாம்.

இக்கருத்தின் நிழல் இங்கிலாந்திலும் இருந்தது. உயில் எழுதிய ஓர் ஆண்மகன் அதன்பின் திருமணம் செய்து பிள்ளையும் பெற்றால், அவன் உயில் இரத்தானதாக அங்குள்ள நீதிமன்றங்கள் கருதின. 1837ஆம் ஆண்டின் உயில் சட்டம் இதை மாற்றியது. நிலைமை மாறியதைக் கொண்டு எழுதினவரின் மனமும் மாறியிருக்கும் என்று ஊகிக்கலாகாது என்றும், திருமணம் ஒன்றே உயிலை முறிக்கும் என்றும் அது விதித்தது. எழுதினவரின் மனதை நீதிபதிகள் ஊகித்து உரைக்கும் நிலையை நீக்கி, உறுதியான விதியை நிறுவுவதே அதன் பயன்.

அவ்விதி இந்தியக் கிறிஸ்தவரை வந்தடைந்த வரலாறு நம் மாகாணத்தோடு தொடர்புடையது. சென்னை மாகாணத்தின் பெல்லாரியில் மத்தேயு ஆபிரகாம் என்னும் கிறிஸ்தவர் மரித்தபின், அவர் மனைவிக்கும் சகோதரனுக்கும் இடையே சொத்து வழக்கு எழுந்தது. கிறிஸ்தவனான ஒருவன் தன் பழைய இந்து வழக்கத்தைத் தொடரவோ விட்டுவிடவோ உரிமையுடையவன் என்று 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளில், 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்துக்களும் முகமதியரும் அதிலிருந்து விலக்கப்பட்டனர். சுதேசக் கிறிஸ்தவர் அதன்கீழ் வந்தனர். இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு விதி இவ்வாறு நம்முடையதாயிற்று. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதை அப்படியே தொடர்ந்தது.

ஆனால் இங்கிலாந்து அத்தோடு நிற்கவில்லை. 1938இலும், பின்பு விரிவாக 1975இலும் இயற்றிய சட்டங்களால், உயிலில் போதிய ஏற்பாடு செய்யப்படாத பிள்ளை நீதிமன்றத்தை அணுகித் தகுந்த பராமரிப்பைக் கேட்கும் வழியை அது திறந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், உயிலுக்குப் பின் பிறந்து விடுபட்ட பிள்ளைக்குச் சட்டமே ஒரு பங்கை அளிக்கிறது. நாமோ பழைய விதியைப் பெற்றுக்கொண்டோம். அதற்குப் பின் வந்த பரிகாரத்தைப் பெறவில்லை.

நம் நாட்டிலுள்ள பிறரோடு ஒப்பிட்டாலும் இது விளங்கும். முகமதியர் தம் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. கோவாவில் சொத்தில் பாதி பிள்ளைகள் முதலான கட்டாய வாரிசுகளுக்கென்று ஒதுக்கப்படுகிறது. இந்துத் தகப்பன் தன் சுயசம்பாத்தியத்தை விரும்பியபடி எழுதலாம். ஆனால் மூதாதையர் வழிவந்த கூட்டுச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு. மேலும், பங்கு பெறாத இளம் பிள்ளையைச் சொத்தைப் பெற்றவர்கள் அதிலிருந்து பராமரிக்கவேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. கிறிஸ்தவப் பிள்ளைக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் இத்தகைய வேலி ஒன்றும் இல்லை.

4. திருமறையும் திருச்சபையின் முன்மாதிரியும்

பின்பு பிறந்த பிள்ளையின் வினா திருமறைக்குப் புதிதன்று. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தனக்குப் பிள்ளையில்லாமையால் தமஸ்கு ஊரானாகிய எலியேசரே தன் சுதந்தரவாளி என்று எண்ணி ஆண்டவரிடம் முறையிடுகிறார். ஆண்டவர் அவ்வேற்பாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறக்கவிருக்கும் பிள்ளையே சுதந்தரவாளி என்று கூறுகிறார். மனிதன் தன் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொண்டு எழுதி முடித்த கணக்கை, இனி வரப்போகும் பிள்ளையை முன்னிட்டு ஆண்டவர் திறக்கிறார். பிற்காலத்தில் ஆபிரகாம் தன் மற்றக் குமாரருக்கும் தான் உயிரோடிருக்கையிலேயே நன்கொடைகளைக் கொடுத்ததாக 25ஆம் அதிகாரம் கூறுகிறது. ஈசாக்கே சுதந்தரவாளி என்று முடிவானபின்னும், மற்றவர்களை வெறுங்கையாய் விட அவர் துணியவில்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் நமக்கு நேரான ஒரு முன்மாதிரி உண்டு. ஏறத்தாழ கி.பி. 425இல், ஹிப்போவின் கண்காணியாராகிய அகுஸ்தீன் தம் குருமாரின் வாழ்க்கை முறையைப் பற்றிச் சபைக்கு ஆற்றிய பிரசங்கத்தில், கார்த்தேஜின் கண்காணியார் அவுரேலியுஸ் செய்த ஒரு காரியத்தைப் புகழ்ந்து கூறுகிறார். பிள்ளைகள் இல்லாத ஒருவர், இனிப் பிறப்பார் என்ற நம்பிக்கையும் அற்று, தம் வாழ்நாள் அனுபோகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து முழுவதையும் சபைக்குக் கொடுத்துவிட்டார். பின்பு அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். அவர் எதிர்பாராத வேளையில் அவுரேலியுஸ் அச்சொத்து முழுவதையும் அவருக்குத் திரும்பக் கொடுத்தார். சட்டப்படி திருப்பித்தரவேண்டிய கடமை கண்காணியாருக்கு இல்லை. பரலோகத்தின் நியாயத்தின்படி அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அகுஸ்தீனின் விளக்கம்.

அப்பிரசங்கம் எழுந்த காரணமும் நாம் சிந்திக்கத்தக்கது. யனுவாரியுஸ் என்னும் மூப்பர் தம் மகனையும் மகளையும் ஒதுக்கிவிட்டுச் சபைக்கு உயில் எழுதி மரித்தார். அகுஸ்தீன் அக்கொடையை ஏற்க மறுத்தார். பிள்ளையைச் சுதந்தரமற்றவனாக்கிச் சபையை வாரிசாக்க விரும்புகிறவன், அதை வாங்கிக்கொள்ள வேறொருவனைத் தேடட்டும் என்னும் பொருள்பட அவர் பேசினார். ஒரு பிள்ளை உடையவன் கிறிஸ்துவை இரண்டாம் பிள்ளையாகவும், இரண்டு பிள்ளை உடையவன் அவரை மூன்றாம் பிள்ளையாகவும் எண்ணிப் பங்கு கொடுக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. கிறிஸ்துவின் பங்கு பிள்ளைகளின் பங்கோடு நிற்கிறது; அதை விழுங்குவதில்லை. தாய்தகப்பனுக்குரியதைக் கொர்பான் என்று சொல்லித் தடுத்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதும் (மாற்கு 7:11) இவ்வுண்மையின் மறுபக்கமே.

5. ஆயரின் பொறுப்பு மிகுந்துள்ளது

முன்பு இக்காரியத்தில் சட்டமே ஒரு வேலியைப் போட்டிருந்தது. சகோதரன் அல்லது சகோதரியின் பிள்ளையோ, அதைவிட நெருங்கிய உறவினரோ உடைய கிறிஸ்தவர் சமய, தரும காரியங்களுக்கு எழுதும் உயில், மரணத்துக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன் எழுதப்பட்டு, 6 மாதங்களுக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்படவேண்டும் என்று 118ஆம் பிரிவு கூறிற்று. கேரளத்துக் கத்தோலிக்கக் குருவாகிய ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்சநீதிமன்றம் அப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தள்ளியது. கிறிஸ்தவரை மட்டும் கட்டிய கட்டு அவிழ்ந்தது நியாயமே. ஆனால் இப்பொழுது மரணப்படுக்கையிலிருக்கும் ஒருவர் தம் சொத்து யாவையும் சபைக்கு எழுதிவைக்கலாம். அவர் மனைவி கருவுற்றிருந்தாலும் அது செல்லும். படுக்கையருகே நிற்பவர் பெரும்பாலும் ஆயரே. சட்டத்தின் வேலி நீங்கிய இடத்தில் ஆயரின் மனச்சாட்சியே வேலியாக நிற்கவேண்டும்.

ஆஸ்தியைப் பாகம்பிரிக்கும்படி ஒருவன் கேட்டபோது ஆண்டவர் மறுத்துவிட்டாரே, நாம் தலையிடலாமா என்று சிலர் வினவலாம் (லூக்கா 12:13,14). ஆண்டவர் பாகம்பிரிப்பவராக இருக்க மறுத்தார். எச்சரிக்கிறவராக இருக்க மறுக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். யாருக்கு எவ்வளவு என்று ஆயர் சொல்லவேண்டியதில்லை. யாரையேனும் மறந்துவிட்டீர்களா என்று அவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

அதற்கு ஏற்ற காலம் ஞானஸ்நான ஆயத்தமே. பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் சந்திக்கும்போது, உயில் ஏதேனும் முன்பு எழுதப்பட்டுள்ளதா என்று ஆயர் விசாரிக்கலாம். எழுதியிருந்தால் அதை மாற்றுவது அரிதன்று. எழுதினவர் தெளிந்த மனதோடு இருக்கும் காலமெல்லாம் அதை மாற்றலாம். புதிய உயில் எழுதலாம். அல்லது ஓர் இணைப்பு உயிலால் பிள்ளையைச் சேர்க்கலாம். அவர் கையொப்பமிட, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். முத்திரைத் தாளோ பதிவோ கட்டாயமில்லை. முதல் உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும், பின்னது முறைப்படி எழுதப்பட்டால் பின்னதே செல்லும். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியக் கிறிஸ்தவரின் உயிலுக்குப் புரோபேட் பெறவேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது.

புதிதாக எழுதுவோருக்கு மூன்று ஆலோசனைகள் கூறலாம். முதலாவது, பெயர்களை எழுதினாலும் "இனி எனக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும்" என்று சேர்க்கவேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட சொத்து விற்கப்பட்டால் அதற்கு ஈடாக என்ன என்பதையும், எஞ்சிய சொத்து யாருக்கு என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாவது, இளம் பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தகப்பனுக்கு 60ஆம் பிரிவு அளிக்கும் உரிமையைப் பயன்படுத்தவேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிட்டால், 67ஆம் பிரிவின்படி அவருக்குரிய கொடை அற்றுப்போகும் என்பதையும் நினைவூட்டவேண்டும். சபைக்குக் கொடை எழுதப்படும் உயிலில் ஆயர் சாட்சியாக நில்லாதிருப்பதும் நலம்.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த சபைகளில் வருங்கால வைப்புநிதி நியமனத்தையும் சேர்த்து விசாரிக்கவேண்டும். குடும்பம் இல்லாதபோது பிறரை நியமித்தவருக்குப் பின்பு குடும்பம் ஏற்பட்டால், அந்நியமனம் செல்லாததாகும் என்று 1952ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே விதிக்கப்பட்டது. உயிலைப் பற்றிய சட்டத்தைவிட இது பிள்ளையை அதிகம் நினைவுகூர்ந்த விதி எனலாம். ஆயினும் குடும்பம் உள்ளவருக்கு அடுத்த பிள்ளை பிறக்கும்போது, அப்பெயரைச் சேர்க்கவேண்டியவர் அவரே.

காலம் கடந்துவிட்டால் என்ன செய்வது? வயதுவந்த சகோதரர் மனமிசைந்து தங்கள் பங்கிலிருந்து இளைய பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கலாம். அவ்வாறு கொடுக்கச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. சகோதர அன்பே ஏவவேண்டும். ஆனால் அவர்களும் சிறுவராயிருந்தால், நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவர்கள் சொத்தை விட்டுக்கொடுக்கத் தாயாலும் இயலாது. நம் எடுத்துக்காட்டிலுள்ள குடும்பத்தின் நிலை இதுவே. அத்தாய் மூன்று பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வளர்ப்பாள். அவ்வீடோ அவர்களுள் ஒருவனுக்கே உரியது.

ஞானஸ்நானத் தொட்டியண்டையில் நாம் பிள்ளையின் பெயரைக் கேட்கிறோம். அப்பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதுகிறோம். அதே பெயர் தகப்பனுடைய சாசனத்திலும் எழுதப்பட்டுள்ளதா என்று அந்நாளிலேயே கேட்போமாக.